எதிரில் நிற்பவர் பேசும்போது

1986-இல் ஒரு சனிக்கிழமை. மயிலாப்பூர் சபா ஒன்றில் எங்கள் நாடகம். இடைவேளை முடிந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். மேடையில் நான் மருமகள், எதிரில் மாமனார். அவராக நடித்தவர் பகலில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவர், என்னைவிடப் பதினைந்து ஆண்டுகள் கூடுதல் மேடை அனுபவம் உள்ளவர்.

“பெட்டி கட்டியாகிவிட்டதா?” என்று அவர் கேட்க வேண்டும். அவரோ, “வாசலில் வண்டி வந்து நிற்கிறது, புறப்படு அம்மா” என்றார். அது மூன்று பக்கம் தள்ளி வர வேண்டிய வசனம். விடுபட்டுப்போன அந்த மூன்று பக்கத்தில்தான் இளைய மகன் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்த விஷயம் வெளியே வருகிறது. அது வராவிட்டால் கடைசிக் காட்சியில் யார் எதற்காக அழுகிறார்கள் என்று யாருக்கும் புரியாது. பக்கத் திரைக்குப் பின்னால் நாத்தனாராக நடித்த பெண் காபித் தட்டோடு நிற்கிறாள். அவள் உள்ளே வர வேண்டிய இடமும் சேர்ந்து போய்விட்டது.

என் அடுத்த வசனம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் கையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூடு லேசாக நடுங்குவதைப் பார்த்தேன். தவறிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி வர வழி தெரியவில்லை. “புறப்படு அம்மா” என்பதில் அந்த “அம்மா” மட்டும் தேய்ந்து, ஒரு கேள்வியைப் போல முடிந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். “போகிறேன் மாமா. போவதற்கு முன்னால் பீரோவில் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்” என்றேன். “பத்திரமா? பத்திரத்துக்கு என்ன?” என்றார். அவ்வளவுதான், பாதைக்கு வந்துவிட்டோம். காபித் தட்டும் உள்ளே வந்தது.

அந்தக் காலத்தில் சென்னையில் நாடகம் போட வேண்டுமென்றால் பிரதியைக் காவல் துறையிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 1954-ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் அப்படி. 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. அதற்காக வழக்குத் தொடுத்த பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநிக்கு நாடகக்காரர்கள் அத்தனை பேரும் கடன்பட்டிருக்கிறோம். அனுமதி பெற்ற பிரதியில் இல்லாத ஒரு வரியை நான் மேடையில் பேசியது அதுவே முதல் தடவை. நாடகம் முடிந்ததும் மாமனாராக நடித்தவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பனை அறை வாசலில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

மேடையிலும் சின்னத்திரையிலுமாக நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. புதிதாக வரும் பெண்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான்: எப்படி அழுவது, எப்படி வாய்ப்புப் பிடிப்பது. இரண்டுக்கும் என்னிடம் பதில் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் என் தொழிலை இத்தனை காலம் தாங்கி நின்றது, எதிரில் நிற்பவர் பேசும்போது உண்மையாகவே கேட்டுக்கொண்டிருக்கும் பழக்கம். கேட்பதுபோல் நடிப்பது வேறு. கேட்பது வேறு.

நான் நாடகத்துக்கு வந்தது 1983-இல், இருபத்திரண்டு வயதில். அதற்கு முன்பு வானொலி நாடகத்துக்குக் குரல் தேர்வில் தேறியிருந்தேன். சபா நாடகக் குழுக்களில் அப்போது ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. ஆண்களில் பெரும்பாலோர் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் ஆசைக்காக நடித்தார்கள். பெண்களாகிய நாங்கள் காட்சிக்கு இவ்வளவு என்று பணம் வாங்கி நடித்தோம். அதனால் அவர்கள் ஒரே குழுவில் இருந்தார்கள், நாங்கள் ஐந்தாறு குழுக்களில் இருந்தோம். வெள்ளிக்கிழமை தியாகராய நகர் வாணி மகாலில் ஒரு குழுவுக்கு அக்கா, சனிக்கிழமை நாரத கான சபாவில் இன்னொரு குழுவுக்கு மனைவி, ஞாயிறு காலை வெளியூருக்கு வேன். ஒரே சமயத்தில் எட்டு நாடகங்களின் வசனம் தலைக்குள் இருக்கும். “உங்களுக்கு இது தொழில், எங்களுக்கு இது கலை” என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். வலித்தது. தொழிலாக எடுத்துக்கொண்டதால்தான் நாங்கள் ஒரு நாள்கூட ஒத்திகைக்குத் தாமதமாகப் போனதில்லை என்று அன்றே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

எங்களுக்கு முன்னால் இருந்தவர்களை நினைத்துப் பார்த்தால் எங்கள் பாடு எவ்வளவோ மேல். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் கம்பெனிகளில் பெண் வேடத்தைச் சிறுவர்களே போட்டார்கள். அதற்கு ஸ்திரீபார்ட் என்று பெயர். கே. பி. சுந்தராம்பாள் ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்கப் பாடியவர். மனோரமா மேடையிலிருந்துதான் திரைக்குப் போனார். அந்த வரிசையின் கடைசியில் எனக்கும் ஓரிடம் கிடைத்ததே என்ற எண்ணம் இன்றும் எனக்கு உண்டு.

எட்டு நாடகத்தை எப்படிப் பாடம் செய்தேன் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், இது பயன்படும். முதல் இரண்டு நாடகங்களுக்கு என் வசனங்களை மட்டும் நோட்டில் எழுதி உருப்போட்டேன். விளைவு, எதிரில் இருப்பவர் பேசும் நேரமெல்லாம் என் வரியை உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். இயக்குநர் ஒரு நாள் ஒத்திகையை நிறுத்தி, “அவர் இப்போது என்ன சொன்னார்?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் பேசி முடித்தார் என்பது மட்டும் தெரிந்தது.

அன்றிலிருந்து முறையை மாற்றினேன். ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் எதிராளியின் வசனத்தை முழுதாகச் சிவப்பு மையில் எழுதுவேன். என் வசனத்தை நீல மையில், அதுவும் பாதிதான். மீதிப் பாதிக்கு இடம் விட்டுவிடுவேன். பாடம் செய்யும்போது சிவப்பை வாய்விட்டுப் படிப்பேன், நீலத்தை மனதில் சொல்வேன். சிவப்பில் எந்தச் சொல் என்னைப் பேச வைக்கிறதோ அதன் கீழே ஒரு கோடு. பெரும்பாலும் அந்தச் சொல் வாக்கியத்தின் கடைசியில் இருக்காது, நடுவில்தான் இருக்கும். “நேற்று உன் அண்ணனைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன், வெயில் தாங்கவில்லை” என்று ஒருவர் சொன்னால், வெயிலுக்காக நான் பேசப்போவதில்லை. “அண்ணன்” என்றபோதே எனக்குள் பதில் தொடங்கிவிடுகிறது. மீதி வாக்கியம் முடியும்வரை அந்தப் பதிலை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். அந்த அடக்கத்தைத்தான் பார்வையாளர்கள் என் முகத்தில் பார்க்கிறார்கள். இந்தக் கோடு போடும் வேலையைச் சோம்பாமல் செய்தால் பாதி நடிப்பு வீட்டிலேயே முடிந்துவிடும்.

இன்னொன்று, கைவேலையோடு சேர்த்துப் பாடம் செய்யுங்கள். புடவை மடிக்கும் காட்சி என்றால் வீட்டில் புடவை மடித்துக்கொண்டே வசனம் சொல்லுங்கள். மூன்றாவது மடிப்பில் எந்த வரி என்று கை நினைவில் வைத்துக்கொள்ளும். மேடையில் மூளை ஒரு கணம் வெற்றிடமாகும்போது கை ஞாபகப்படுத்தும். என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

குரலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எங்கள் சபாக்களில் மேலிருந்து சில மைக்குகள் தொங்கும், முன்பக்கம் தரையில் சில இருக்கும். நாங்கள் அவற்றை நோக்கி நகர்ந்து நகர்ந்து பேசுவோம். மைக்கை விட்டு விலகிய இடத்தில் தொண்டையால் ஈடு கட்டுவோம். 1990-இல் ஏப்ரல், மே இரண்டு மாதமும் இடைவிடாமல் நாடகங்கள். ஒரு நாள் காலையில் எழுந்தால் குரல் இல்லை. காற்று மட்டும் வருகிறது. மருத்துவர் பார்த்துவிட்டு, குரல் நாண்களில் சிறு கட்டிகள் இருப்பதாகச் சொன்னார். மூன்று வாரம் பேசக் கூடாது என்றார். நான் கிசுகிசுவென்று “சரி” என்றேன். கிசுகிசுப்பதும் கூடாது, அது குரல் நாண்களுக்கு இன்னும் சிரமம் என்றார். அதுவரை தொண்டை கட்டினால் கிசுகிசுத்துச் சமாளிப்பதுதான் எங்கள் எல்லோருடைய வழக்கமும்.

அந்த மூன்று வாரமும் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். வேலையும் போனது, பணமும் போனது. ஆனால் வீட்டில் ஒவ்வொருவரும் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை முதன்முறையாகக் கேட்டேன். என் மாமியார் கோபமாக இருக்கும்போது குரலை உயர்த்துவதில்லை, வாக்கியத்தைச் சுருக்குகிறார். என் மகள் பொய் சொல்லும்போது என் கேள்வியையே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதிலைத் தொடங்குகிறாள். இந்த இரண்டையும் பிற்பாடு எத்தனை வேடங்களில் எடுத்தாண்டேன் என்று கணக்கில்லை.

குரலுக்காக நான் இன்றுவரை கடைப்பிடிப்பவை மிகச் சில. நாடக நாளில் காலையிலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருப்பேன். திரை தூக்குவதற்கு முன் ஒரு செம்பு குடித்துப் பயனில்லை. தொண்டையைக் கனைத்துச் சரிசெய்ய மாட்டேன், எச்சிலை விழுங்குவேன். வாயை மூடி ஐந்து நிமிடம் மெல்ல முனகிக் குரலை எழுப்புவேன். நாடகம் முடிந்ததும் வாசலில் நின்று ரசிகர்களோடு சத்தமாகப் பேசுவதுதான் பெரிய ஆபத்து, அப்போது குரல் களைத்துப்போயிருக்கும்.

தொலைக்காட்சிக்கு முதலில் போனது 1987-இல். தூர்தர்ஷனின் சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 முதல் இயங்கிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை நாடகம் என்றால் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும் வீட்டில் அக்கம்பக்கமெல்லாம் கூடிவிடும். சுவாமி சிவானந்தா சாலையில் இருந்த நிலையத்தின் அரங்குக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் பட்டது குளிர். அடுத்தது அமைதி. மூன்று கேமராக்கள், எது எடுத்துக்கொண்டிருக்கிறதோ அதன் தலையில் சிவப்பு விளக்கு. தயாரிப்பாளர் வேறோர் அறையில் கண்ணாடிக்குப் பின்னால்; அவர் சொல்வது காதுக்கருவி அணிந்த தள மேலாளருக்கு மட்டும் கேட்கும்.

முதல் காட்சி எடுத்து முடித்ததும் தள மேலாளர் என் அருகில் வந்து, “அம்மா, ஐயா உங்களை வந்து மானிட்டரில் பார்க்கச் சொல்கிறார்” என்றார். பார்த்தேன். திரையில் ஒரு பெண் கடைசி வரிசைக்காக நடித்துக்கொண்டிருந்தாள். புருவம் நெற்றியின் பாதி உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. எதிராளி ஒரு சொல் சொல்வதற்குள் மூன்று முகபாவம். ஆனால் எனக்கு அதிர்ச்சி தந்தது வேறு. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது என் கண் நொடிக்கு ஒரு தரம் சிவப்பு விளக்கைத் தேடிப் போய்வந்தது. மேடையில் அது யாருக்கும் தெரிந்திருக்காது. இங்கே அது ஒன்றுதான் தெரிந்தது.

இரண்டாவது தடவை ஒன்றும் செய்யாமல் அவர் சொன்னதைக் கேட்டேன். தயாரிப்பாளர் அதையே எடுத்துக்கொண்டார். மேடையிலிருந்து கேமராவுக்குப் போகிறவர்களிடம் எல்லோரும் “குறைத்துக்கொள்” என்பார்கள். அந்த அறிவுரையை நான் சொல்ல மாட்டேன். குறைக்கப் பார்த்தால் கட்டை போல் ஆகிவிடுவோம். எதிராளியின் ஒரு கண்ணை மட்டும், கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணை, பார்த்துக்கொண்டு கேளுங்கள். முகம் தானே அளவுக்கு வந்துவிடும்.

1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி தொடங்கியது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில், வாரம் ஒரு நாள் வந்த தொடர்கள் தினசரித் தொடர்களாகிவிட்டன. எங்கள் வாழ்க்கையே மாறியது. மேடையில் ஒரு மாத ஒத்திகைக்குப் பின் கிடைக்கும் பணம் இங்கே சில நாள் கால்ஷீட்டில் கிடைத்தது. வளசரவாக்கத்திலும் போரூர்ப் பக்கமும் படப்பிடிப்புக்கென்றே வீடுகளை வாடகைக்கு விட்டார்கள். ஒரே வீட்டின் மாடியில் ஒரு குடும்பத்துக்கு மாமியாராகவும் அடுத்த வாரம் அதே மாடியில் வேறொரு தொடரில் சம்பந்தியாகவும் நின்றிருக்கிறேன். திரைச்சீலையை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

அங்கேதான் பிராம்ப்ட் என்ற பழக்கத்தைச் சந்தித்தேன். காட்சித்தாள் பல நாள்களில் அன்று காலையில்தான் வரும். நாளொன்றுக்கு ஒரு பகுதிக்கு மேல் எடுத்தாக வேண்டும், பாடம் செய்ய நேரமில்லை. ஆகவே உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொல்வார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு டப்பிங்கில் குரலைச் சேர்ப்பதால் அவர் குரல் மறைந்துவிடும். வேலை வேகமாக நடக்கும். விலை என்னவென்றால், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நடிகரின் கண் அரைக் கணம் எங்கோ போய்விடுகிறது. காது உதவி இயக்குநரிடம் இருக்கும்போது எதிராளியைக் கேட்பது யார்?

பிராம்ப்டை எதிர்த்துச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. அந்த இளைஞர்கள் இரவு இரண்டு மணி வரை எழுதிவிட்டு வந்து நிற்பவர்கள். நான் செய்தது இவ்வளவுதான். ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் எட்டரைக்கே போவேன், ஒப்பனைக்கு உட்காரும்போதே காட்சித்தாளை வாங்கிவிடுவேன். முதலில் எதிராளியின் வரிகளைப் படிப்பேன். என் வசனத்தை வார்த்தை வார்த்தையாகப் பார்க்காமல் மூன்று எண்ணங்களாகப் பிரித்துக்கொள்வேன்: முதலில் மறுக்கிறாள், பிறகு பயமுறுத்துகிறாள், கடைசியில் கெஞ்சுகிறாள். உதவி இயக்குநரிடம், “தம்பி, எனக்கு முதல் சொல் மட்டும் கொடுங்கள், மீதி வந்துவிடும்” என்பேன். முதலில் தயங்கினார்கள். இரண்டு வாரத்தில் “அம்மாவுக்கு முதல் சொல் போதும்” என்று அவர்களே புதியவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள்.

க்ளோசப்பில் இன்னொரு சோதனை. உங்களுடைய க்ளோசப் வரும்போது எதிராளி தன் பகுதியை முடித்துக்கொண்டு அடுத்த படப்பிடிப்புக்குப் போயிருப்பார். விளக்குக் கம்பத்தில் ஒட்டிய ஒரு துண்டு டேப்பைப் பார்த்து நீங்கள் மகனைச் சபிக்க வேண்டும். நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். என் வேலை முடிந்தாலும் எதிராளியின் க்ளோசப்புக்கு நின்று என் வசனத்தை முழு உணர்ச்சியோடு சொல்லிக் கொடுப்பேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எனக்காகவும் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். கேட்டு வாங்கியிருந்தால் கிடைத்திருக்காது.

அழுகையைப் பற்றிச் சொல்வதாக இருந்தேனே. கிளிசரின் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலையில் பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அதே காட்சியின் தொடர்ச்சிக்கு அதே அளவு கண்ணீர் வேண்டும், மனம் அப்படி அளந்து தராது. ஆனால் கண்ணீர் விழுந்தவுடன் நம் கவனம் கண்ணீரிடம் போய்விடும். அழுகிற பெண் உண்மையில் அழாமல் இருக்கத்தான் முயல்வாள். எதிரில் இருப்பவர் சொல்வது இன்னும் கேட்க வேண்டும் என்று கண்ணைத் துடைப்பாள். அந்தத் துடைப்பு இருந்தால் போதும்.

2001-இல் என் முதல் தினசரித் தொடர் ஒளிபரப்பான இரவு, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நான் திரையில் வாயைத் திறந்தேன். வேறு ஒருவருடைய குரல் வந்தது. நல்ல குரல், தெளிவான குரல். என்னிடம் யாரும் சொல்லவில்லை. என்னுடைய தேதி கிடைக்காத நாளில் வேறொருவரை வைத்து முடித்திருந்தார்கள். என் மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். மூன்று வாரம் சிலேட்டில் எழுதிக் காப்பாற்றிய குரல் அது. அன்று இரவு தூங்கவில்லை.

மறுநாள் கோபப்படாமல் தயாரிப்பு நிர்வாகியிடம் பேசினேன். டப்பிங்குக்கு எப்போது அழைத்தாலும், இரவானாலும் வருகிறேன், எனக்கு நானே பேசுகிறேன் என்றேன். டப்பிங் சங்கத்தில் உறுப்பினர் அட்டை வாங்கினேன். இனி எந்தத் தொடரானாலும் முதல் பேச்சிலேயே, “குரல் என்னுடையதுதானே?” என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். சிலர் அதற்காகவே என்னை விட்டுவிட்டு வேறு ஆளைப் பார்த்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அறைக்குள் தனியாக நின்று, எதிராளியின் ஒலியைக் காதுக்கருவியில் கேட்டுப் பேசும் அந்த வேலையை நான் மிகவும் விரும்பினேன். அங்கே கேட்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

இனிப் பணம். கும்பகோணம் பாலாமணி அம்மாளின் நாடகத்தைப் பார்க்கச் சிறப்பு ரயிலே விட்டார்கள் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெண்களை மட்டும் வைத்துக் கம்பெனி நடத்திய அவர் கடைசியில் மதுரையில் வறுமையில் இறந்தார். எனக்கு மேடை ஏறிய முதல் ஆண்டே இந்தக் கதையைச் சொன்னவர் ஒப்பனைக்காரர் ஒருவர், டோபா என்னும் பொய்முடியைச் சீவிக்கொண்டே. அதை நான் மறக்கவில்லை, ஆனாலும் ஏமாந்தேன். ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒன்பது மாதம் நடித்தேன். முதல் மூன்று மாதம் ஒழுங்காகக் கொடுத்தார்கள். பிறகு “அடுத்த மாதம் சேர்த்து” என்றார்கள். தொடர் நின்றது, அலுவலகத்தைக் காலி செய்துவிட்டார்கள். என்னிடம் ஒரு காகிதம் இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு.

அதற்குப் பிறகு நாட்குறிப்பு வைத்துக்கொண்டேன்: தேதி, வந்த நேரம், முடிந்த நேரம், காட்சி எண், பேசிய தொகை. மாதக் கடைசியில் அதை அப்படியே எழுதித் தயாரிப்பு நிர்வாகிக்கு அனுப்புவேன். இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அவர் “சரி அம்மா” என்று பதில் போட்டாலே அது ஒரு ஆதாரம். இரண்டு மாத பாக்கிக்கு மேல் ஏறினால் மூன்றாவது மாதத் தேதியைக் கொடுக்கும் முன் பேச வேண்டும், தேதியைக் கொடுத்துவிட்டால் நம் பேச்சுக்கு எடை இல்லை. காசோலையில் பத்து சதவீதம் வருமான வரி பிடித்தம் செய்வார்கள். அது நம் பான் எண்ணில் உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். கணக்குத் தாக்கல் செய்தால் பெரும்பாலானோருக்கு அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பல ஆண்டுகள் அதைக் கேட்காமலே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

தொடரை நம்பி மாதத் தவணையில் எதுவும் வாங்காதீர்கள் என்றும் சொல்வேன். ஒரு நாள் படப்பிடிப்பில் உணவு இடைவேளை. கலை இயக்குநரின் உதவியாளர் வந்து, “அம்மா, உங்களுடைய நல்ல புகைப்படம் ஒன்று வேண்டும், கொஞ்சம் பெரிதாக, முகம் மட்டும்” என்றார். எதற்கு என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மாலை போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு. என் கதாபாத்திரம் அடுத்த வாரம் இறந்துபோகப் போகிறது என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. இருபத்தோரு மாதம் அந்த வீட்டில் மூத்தவளாக இருந்தேன். நானே நல்ல படமாகத் தேடிக் கொடுத்தேன். அந்த மாதம் மகளின் கல்லூரிக் கட்டணத்தை வைப்பு நிதியை உடைத்துக் கட்டினேன். அந்த வைப்பு நிதி இருந்தது என்பதுதான் விஷயம். வேலை இருக்கும் மாதத்தில் வருவதில் மூன்றில் ஒரு பங்கை, வேலை இல்லாத மாதத்துக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

வாய்ப்பு எப்படி வரும் என்பதற்கு என் பதில் சின்னது. எனக்கு வந்த வேலைகளில் முக்கால்வாசி, முன்பு ஒரு படப்பிடிப்பில் உதவி இயக்குநராக இருந்த யாரோ பிற்பாடு இயக்குநராகி அழைத்ததால் வந்தவை. அவர்களுக்கு நடிப்பைவிட, நேரத்துக்கு வந்ததும் காட்சித்தாளைப் படித்ததும்தான் நினைவில் இருந்தன.

இரவுப் படப்பிடிப்புக்கு வீட்டுக்கு யார் கொண்டு விடுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளும்போதே கேளுங்கள். உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் காலத்தில் இவற்றைக் கேட்டால் கர்வம் என்றார்கள். தனியாக வந்து கதையைப் பற்றிப் பேசலாம் என்று அழைத்த ஒருவரிடம், என் கணவரும் வருவார் என்று சொல்லித் தப்பித்தேன். அந்த வேடம் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே விசாரிப்பதில் தவறில்லை. எனக்குப் பின் வரும் பெண்கள் என்னைப் போல் கணவரின் பெயரைக் கேடயமாகப் பிடிக்க வேண்டியிராமல் இருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றது. மீண்டும் தொடங்கியபோது வயதானவர்களை வைத்து எடுக்கத் தயங்கினார்கள், நியாயம்தான். அந்த நாள்களில் நான் பழைய நோட்டுகளை எடுத்துச் சிவப்பு மை வரிகளை மட்டும் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். இறந்துபோன எத்தனையோ சக நடிகர்களின் குரல் அந்த வரிகளில் இருந்தது.

சபாக்கள் திறந்ததும் மேடைக்கே திரும்பிவிட்டேன். இரண்டரை மணி நேர நாடகங்கள் ஒன்றரை மணி நேரமாகிவிட்டன. தொங்கும் மைக் போய், கன்னத்தோடு ஒட்டும் மைக் வந்துவிட்டது. தொண்டைக்குப் பெரிய விடுதலை.

போன ஆண்டு ஒத்திகையில் எனக்கு மகளாக நடிக்கும் பெண் பேசும்போது சில சொற்கள் தவறின. “பசிக்கிறது” என்றாளா, “படிக்கிறது” என்றாளா என்று புரியவில்லை. அவள் உச்சரிப்பு சரியில்லை என்று நினைத்து இரண்டு முறை திருத்தினேன், பாவம். காது பரிசோதனை செய்து பார்த்ததில், இடது காதில் மேல் சுருதி ஒலிகள் குறைந்திருப்பது தெரிந்தது. வயதானால் முதலில் மங்குவது அவைதானாம், சகரம் போன்ற மெய்யொலிகள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “ஐயோ, என்ன அம்மா இது” என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

காதுக்கருவி வாங்கிக்கொண்டேன். டோபாவுக்குள் மறைந்துவிடுகிறது, ஆனால் மேடையின் ஒலிபெருக்கிக்கு அருகில் போனால் சில சமயம் கீச்சென்கிறது. அதை அணைத்துவிட்டு வலது காதை மட்டும் நம்புவது மேல் என்று கண்டுகொண்டேன். இயக்குநருக்கு முப்பது வயதிருக்கும். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்: மகள் பேசும் பெரிய காட்சியில் அவள் எனக்கு இடப்பக்கம் நிற்கிறாள், எனக்கு அவளைக் கேட்க வேண்டும். அவர் மேடை வரைபடத்தை எடுத்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு இரண்டு பையன்களைக் கூப்பிட்டு, சோபாவைத் தூக்கி மேடையின் மறுபக்கம் போடச் சொன்னார். விளக்குகளைத் திருப்ப ஒரு மணி நேரம் பிடித்தது. இப்போது அவள் என் வலப்பக்கம் நின்று பேசுகிறாள்.